மென்பொருளும் அதன் உரிமமும்

கணிப்பொறி ஒன்றை விலைக்கு வாங்குகிறவர், கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்குப் பணம் கொடுக்கத் தயங்குவதில்லை. திரை, விசைப்பலகை, நினைவகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அவர் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறார். ஆனால் இவை அனைத்தையும் இயக்குகின்ற மென்பொருளுக்கும் விலையோ நிபந்தனையோ உண்டு என்று சொன்னால் வியப்படைகிறவர் பலர். ‘அதைக் கடைக்காரரே போட்டுக் கொடுத்துவிட்டார்’ என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. அந்த எளிய விடைக்குப் பின்னால் சட்டம், விஞ்ஞானம், பொருளாதாரம், கல்வி ஆகிய நான்கையும் தொடும் பெரிய பிரச்சினை ஒன்று மறைந்திருக்கிறது.

ஒரு மேசையைப் போல இன்னொரு மேசை வேண்டுமானால் மீண்டும் மரம் வேண்டும். தச்சரின் உழைப்பும் வேண்டும். மென்பொருளோ அவ்வாறானதன்று. முதற்பிரதியை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைத்திருக்கலாம். இரண்டாவது பிரதியை எடுக்கச் சில நிமிடங்களே போதும். செலவும் இல்லை, முதற்பிரதி தேய்வதும் இல்லை. ஆக்குவது அரிது, பெருக்குவது எளிது என்னும் இந்த இயல்பே மென்பொருள் உரிமம் பற்றிய எல்லா விவாதங்களுக்கும் ஊற்றுக்கண் ஆகும். இவ்வியல்பைக் கண்டு பிரதியெடுப்பதைத் தடை செய்ய முனைந்தோர் ஒரு சாரார். அதையே ஒரு நற்பயனாகக் கொண்டு, பிரதியெடுக்கும் உரிமையை எல்லோருக்கும் வழங்கியோர் மற்றொரு சாரார். இவ்விரு வழிகளுக்கும் புறம்பாக, உரிமம் ஏதுமின்றிப் பிரதியெடுத்து உபயோகிக்கும் மூன்றாவது வழக்கமும் உலகெங்கும் வேரூன்றியிருக்கிறது.

மூல நிரலும் இயந்திர நிரலும்

இப்பிரச்சினையைப் புரிந்துகொள்வதற்கு மென்பொருளின் இரு வடிவங்களை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. கணிப்பொறிக்கு இடும் கட்டளைகளை மனிதர் தமக்குப் புரியும் குறியீட்டு மொழி ஒன்றில் எழுதுகின்றனர். இது மூல நிரல் எனப்படும். பயிற்சி பெற்ற எவரும் இதனைப் படித்து, எந்தக் கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்பதை அறியலாம், பிழையிருந்தால் திருத்தலாம். ஆனால் கணிப்பொறியின் மின்சுற்றுகள் இதனை நேரே ஏற்பதில்லை. தொகுப்பி என்னும் மற்றொரு நிரல் இதனை ஒன்றும் பூச்சியமுமான இயந்திர நிரலாக மாற்றித் தருகிறது. இவ்வாறு மாறிய வடிவம் பொறிக்கு விளங்கும்; மனிதருக்கு விளங்குவது மிகவும் கடினம்.

மருத்துவர் தரும் சூரணத்தையும், அச்சூரணத்தின் செய்முறைக் குறிப்பையும் இதற்கு உவமையாகக் கூறலாம். சூரணத்தை மட்டும் பெற்றவர் அதனை உட்கொண்டு பயன் அடையலாம். செய்முறைக் குறிப்பையும் பெற்றவரோ அதில் என்ன சேர்ந்துள்ளது என்று ஆராயலாம். தமக்கு ஒவ்வாத சரக்கை நீக்கலாம். புதிதாக ஒன்றைச் சேர்க்கலாம். தனியுரிமை மென்பொருளை விற்பவர்கள் பெரும்பாலும் இயந்திர நிரலை மட்டுமே கொடுத்து, மூல நிரலைத் தம்மிடமே வைத்துக்கொள்கின்றனர். திறந்த மூல மென்பொருளில் இரண்டும் கிடைக்கின்றன. விலையைக் காட்டிலும் இவ்வேறுபாடே முக்கியமானது.

பகிர்ந்து வழங்கிய காலம்

கணிப்பொறிகள் தோன்றிய காலத்தில் இவ்வேறுபாடு ஒரு பிரச்சினையாகவே இல்லை. 1950களின் நடுப்பகுதியில் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பிரிட்டனில் செய்யப்பட்ட ஹெச்.இ.சி.-2எம் என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் தானே அமைத்த டிஃப்ராக் என்னும் பொறி 1960இல் முழுமையாக இயங்கலாயிற்று. அந்நாள்களில் பொறியை உபயோகித்த விஞ்ஞானிகளே தமக்கு வேண்டிய நிரல்களையும் எழுதிக்கொண்டனர். அமெரிக்காவில் ஐ.பி.எம். பொறிகளை உபயோகித்தோர் 1955இல் ‘ஷேர்’ என்னும் சங்கம் ஒன்றை அமைத்து, தாம் எழுதிய நிரல்களை ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொண்டனர். பொறியே அரும்பொருள், நிரல் அதனுடன் வரும் இணைப்பு என்பது அன்றைய கருத்து.

இந்நிலை 1969இல் மாறத் தொடங்கிற்று. அவ்வாண்டு ஜூன் மாதம் ஐ.பி.எம். நிறுவனம், தன் மென்பொருள்கள் சிலவற்றுக்கும் சேவைகளுக்கும் பொறியின் விலையிலிருந்து வேறாகத் தனி விலை வைக்கப் போவதாக அறிவித்தது. மென்பொருள் என்பது தனியே விற்கத்தக்க பண்டம் என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

1975இல் ஆல்டெய்ர் என்னும் சிறு கணிப்பொறி அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அதற்கான பேசிக் மொழிபெயர்ப்பு நிரலைப் பில் கேட்ஸும் பால் ஆலனும் உருவாக்கி விற்றனர். ஆர்வலர் சங்கங்களில் அந்நிரலைத் துளையிட்ட காகித நாடாக்களில் பிரதியெடுத்து ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்ளும் வழக்கம் பரவிற்று. 1976 பிப்ரவரியில் கேட்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டெய்ர் உடையவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களே பேசிக் நிரலை விலைக்கு வாங்கியுள்ளனர் என்றும், கிடைத்த வருமானத்தை உழைத்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு இரண்டு டாலர்கூடத் தேறவில்லை என்றும் அவர் அதில் குறைகூறினார். மென்பொருள் திருட்டைப் பற்றிய பொது விவாதத்தின் தொடக்கங்களுள் ஒன்றாக இக்கடிதம் இன்றும் கருதப்படுகிறது.

இந்தியச் சட்டம் கூறுவது

இந்தியாவில் மென்பொருளுக்கு அடிப்படைப் பாதுகாப்பை அளிப்பது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமாகும். நூல்களையும் இசையையும் ஓவியத்தையும் மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட இச்சட்டம், 1984இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் கணிப்பொறி நிரல்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 1994இல் செய்யப்பட்ட மற்றொரு திருத்தம், நிரல் என்பது யாது என்பதற்கு விளக்கம் தந்து, இயந்திரம் படிக்கத்தக்க வடிவத்தையும் அதனுள் அடக்கிற்று. ஆகவே சட்டத்தின் பார்வையில் ஒரு நிரல், நாவலைப் போலவும் அகராதியைப் போலவும் ஓர் இலக்கியப் படைப்பே ஆகும். எழுதியவரின் வாழ்நாளிலும், அவர் மறைந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் வரையிலும் பதிப்புரிமை நிலவும் என்பது பொது விதி.

பதிப்புரிமையும் காப்புரிமையும் ஒன்றல்ல என்பதை இங்குக் குறிப்பிட வேண்டும். புதிய கண்டுபிடிப்புக்கு அளிக்கப்படுவது காப்புரிமை. எழுதப்பட்ட வடிவத்துக்கு அளிக்கப்படுவது பதிப்புரிமை. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவின்படி கணிப்பொறி நிரலுக்கு, அது நிரல் என்ற அளவில் மட்டும், காப்புரிமை கிடைப்பதில்லை. ஒரு நிரல் செய்யும் வேலையையே செய்யும் வேறொரு நிரலை ஒருவர் தம் சொந்த முயற்சியால் எழுதுவதைப் பதிப்புரிமை தடுப்பதில்லை. திறந்த மூல மென்பொருள்கள் பலவும் வளர்ந்தது இந்த இடைவெளியினால்தான்.

பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமை மீறிய பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணிப்பொறியில் உபயோகிப்பவருக்குத் தண்டனை விதிக்கிறது. 7 நாள்களுக்குக் குறையாததும் 3 ஆண்டுகள் வரை நீளக்கூடியதுமான சிறைத்தண்டனையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் அதில் கூறப்பட்டுள்ளன. ஆதாயத்துக்காகவோ வாணிகத்தின் பொருட்டோ உபயோகிக்கவில்லை எனின், நீதிமன்றம் சிறைத்தண்டனையை விதிக்காமல் அபராதத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

அதே சட்டம் உபயோகிப்பவருக்கும் சில உரிமைகளை வழங்கியுள்ளது. 52ஆம் பிரிவின்படி, முறையாகப் பெற்ற பிரதியிலிருந்து இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான காப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். நிரலின் அடிப்படைக் கருத்துகளை அறிவதற்காக அதன் இயக்கத்தைக் கவனித்து ஆராயலாம், சோதிக்கலாம். தனித்து எழுதப்பட்ட வேறொரு நிரலுடன் இணைந்து இயங்கச் செய்வதற்கு இன்றியமையாத விவரங்கள் எளிதில் கிடைக்காவிடில், அவற்றைப் பெறத் தேவையானவற்றையும் செய்யலாம். இவை யாவும் முறையாகப் பிரதி பெற்றவருக்கு மட்டுமே உரியவை.

வாங்குவது எது?

கடையில் ஒரு மென்பொருளை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது யாது? இக்கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்தின் முன் இருமுறை முக்கியமான வகையில் எழுந்தது. 2004இல் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையிலான வழக்கில், வட்டு போன்ற சாதனத்தில் பதிந்து விற்கப்படும் ஆயத்த மென்பொருள் ஒரு சரக்கே. ஆகவே அதற்கு விற்பனை வரி விதிக்கலாம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 மார்ச்சில் எஞ்சினீரிங் அனாலிசிஸ் சென்டர் வழக்கில், வெளிநாட்டு மென்பொருளை உபயோகிப்பதற்காகச் செலுத்தும் தொகை பதிப்புரிமைக்கான உரிமைத்தொகை ஆகாது என்று கூறிற்று. பதிப்புரிமை என்பது வேறு; பதிப்புரிமையால் காக்கப்படும் பொருளின் ஒரு பிரதி என்பது வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். புத்தகத்தை வாங்கியவர் அதன் பதிப்புரிமையை வாங்கிவிடுவதில்லை அன்றோ!

பிரதி எடுக்கும் உரிமை உரியவரிடமே இருக்கிறது. உபயோகிப்பவருக்குக் கிடைப்பது சில நிபந்தனைகளுக்கு உட்பட்ட அனுமதி மட்டுமே. இவ்வனுமதியே உரிமம். எத்தனைப் பொறிகளில் நிறுவலாம், வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்கலாமா, எவ்வளவு காலம் உபயோகிக்கலாம் என்பனவெல்லாம் அதில் வரையறுக்கப்படுகின்றன. அண்மைக் காலத்தில் ஒருமுறை விலை கொடுத்து வாங்கும் முறை குறைந்து, மாதந்தோறும் அல்லது ஆண்டுதோறும் சந்தா செலுத்தும் முறை பெருகி வருகிறது. அடோபி நிறுவனம் 2013இல் தன் ஓவிய, அச்சுக்கலை மென்பொருள்களின் புதிய பதிப்புகளைச் சந்தா முறைக்கு மாற்றியது இதற்கு நல்ல உதாரணம். சந்தா நின்றால் மென்பொருளும் நின்றுவிடும்.

திருட்டுப் பிரதியின் அளவு

உரிமமின்றி உபயோகிக்கப்படும் மென்பொருளின் அளவைத் துல்லியமாகக் கணக்கிடுவது எளிதன்று. பி.எஸ்.ஏ. என்னும் மென்பொருள் உற்பத்தியாளர் கூட்டமைப்பு சில ஆண்டுகள் இதற்கான மதிப்பீடுகளை வெளியிட்டது. அதன்படி இந்தியாவில் நிறுவப்பட்ட மென்பொருளில் உரிமமற்றதன் பங்கு 2009இல் 65 சதவீதமாகவும், 2013இல் 60 சதவீதமாகவும், 2017இல் 56 சதவீதமாகவும் இருந்தது. 2017இல் உலகச் சராசரி 37 சதவீதம். இது விற்பவர்களின் கூட்டமைப்பு செய்த மதிப்பீடு என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். எனினும் அளவு சிறிதன்று என்பதும், ஆண்டுதோறும் அது மெல்லக் குறைந்து வந்தது என்பதும் இதனால் புலனாகின்றன.

இதற்குக் காரணங்கள் இல்லாமற்போகவில்லை. செல்வ நாடுகளின் வருமானத்தை அளவாகக் கொண்டு வைத்த விலை, சிற்றூர் அச்சகத்துக்கும் தட்டச்சுப் பள்ளிக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. பொறியைப் பொருத்திக் கொடுக்கும் கடைகள், வாடிக்கையாளரைக் கவரும் பொருட்டு விலையுயர்ந்த மென்பொருள்களை இலவசமாக நிறுவித் தந்தன. பொருளைத் திருடினால் உடையவர் அதனை இழக்கிறார். பிரதியை எடுத்தால் அவர் எதனை இழந்தார் என்ற எண்ணமும் மக்களிடையே இருக்கிறது.

ஆனால் இழப்பு உண்மையானதே. முதலாவதாக, திருத்தப்பட்ட பிரதிகளுடன் தீங்கு விளைக்கும் நிரல்கள் கலந்து வருவதுண்டு. உரிமச் சோதனையைத் தவிர்ப்பதற்காகப் புதுப்பிப்புகளை நிறுத்தி வைக்கும் பொறிகள் பாதுகாப்பு இழந்து நிற்கின்றன. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தாக்குதல் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அது புகுந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு இரு மாதங்களுக்கு முன்பே வெளியிட்டிருந்தது. அத்திருத்தத்தைப் பெறாத பொறிகளே பெரிதும் பாதிக்கப்பட்டன.

இரண்டாவதாக, இந்தியரே எழுதும் மென்பொருளும் இதனால் நட்டமடைகிறது. 1986இல் பெங்களூரில் தோன்றிய நிறுவனம் ஒன்றின் டாலி என்னும் கணக்குப்பதிவு மென்பொருள், நாடெங்கும் கடைகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் பரவியது. அதன் உரிமமற்ற பிரதிகளும் அதே அளவு தாராளமாகப் புழங்கின. வெளிநாட்டு நிறுவனத்தைத்தான் ஏமாற்றுகிறோம் என்று எண்ணுகிறவர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மூன்றாவது இழப்பு நுட்பமானது; ஆயினும் மற்ற இரண்டையும் விடப் பெரியது. உரிமமற்ற பிரதி எளிதில் கிடைக்கும் இடத்தில், முறைப்படி இலவசமாகவும் திறந்தும் கிடைக்கும் மென்பொருளை யாரும் நாடுவதில்லை. மாணவர் ஒருவர் திருட்டுப் பிரதியில் பழகினால், நாளை அவர் வேலை செய்யும் அலுவலகமும் அதே மென்பொருளை வாங்க நேரிடும். 1998இல் பில் கேட்ஸ் சீனாவைப் பற்றிப் பேசுகையில், திருடுவதாயின் எங்கள் மென்பொருளையே திருடட்டும்; அதற்குப் பழகிவிட்ட பின் பணம் பெறும் வழியைப் பின்னர் காண்போம் என்ற கருத்துப்படக் கூறினார். திருட்டுப் பிரதி தனியுரிமை நிறுவனத்தின் பகைபோலத் தோன்றினும், பல சமயங்களில் அதன் சந்தையை விரிக்கும் கருவியாகவே முடிகிறது.

கட்டற்ற மென்பொருள்

மூல நிரலைத் திறந்து வைக்கும் இயக்கத்தின் வரலாறு ஓர் அச்சுப்பொறியுடன் தொடர்புடையது. 1980ஐ ஒட்டிய காலத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தின் செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. காகிதம் சிக்கிக்கொண்டால் உபயோகிப்போருக்கு உடனே அறிவிக்கும் வசதியை முந்தைய அச்சுப்பொறியில் சேர்த்திருந்த ரிச்சர்டு ஸ்டால்மன், புதிய பொறியிலும் அதனைச் செய்ய விரும்பினார். அதற்கு வேண்டிய மூல நிரல் அவருக்குத் தரப்படவில்லை. தம்மிடமுள்ள பொறியைத் தாமே சீர்செய்ய முடியாத இந்நிலை தவறானது என்று அவர் கருதினார். 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார்.

எக்காரியத்துக்கும் நிரலை இயக்குதல், அதன் மூலத்தை ஆராய்ந்து மாற்றுதல், பிரதிகளைப் பிறருக்கு வழங்குதல், திருத்திய வடிவத்தையும் வழங்குதல் ஆகிய நான்கு சுதந்திரங்கள் இவ்வியக்கத்தின் அடிப்படை. இவற்றைக் காக்கப் பதிப்புரிமையை ஒழிக்க வேண்டும் என்று அவர் கூறவில்லை. பதிப்புரிமையையே கருவியாகக் கொண்டார். 1989இல் வெளிவந்த பொது உரிமம், பிரதியெடுக்கவும் மாற்றவும் அனைவருக்கும் அனுமதி தருகிறது. ஆனால் மாற்றிய நிரலை மற்றவருக்கு வழங்குகிறவர் அதன் மூல நிரலையும் அதே நிபந்தனையுடன் வழங்கியாக வேண்டும். ஊர்ப் பொதுக்கிணற்றில் எவரும் நீர் இறைக்கலாம். ஆனால் அதனைச் சுற்றிச் சுவரெழுப்பித் தமதாக்கிக்கொள்ளக் கூடாது என்பதைப் போன்றது இது.

1991இல் பின்லாந்தில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பின் கருவை வெளியிட்டார். பணம் பெற்று வழங்கக் கூடாது என்பது அதன் முதல் உரிமத்தின் நிபந்தனை. 1992இல் அவர் அதனைப் பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அதன் பின்னரே வணிக நிறுவனங்களும் அதில் பங்குபெற்று, அது வேகமாக வளர்ந்தது. இன்று உலகின் மிக வேகமான 500 மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ளவை யாவும் லினக்ஸில் இயங்குகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் கருவும் அதுவே. ஓர் உரிமத்தின் சொற்கள் ஒரு விஞ்ஞான முயற்சியின் தலைவிதியை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் காண்பது அரிது.

1998இல் ‘திறந்த மூலம்’ என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது. இவ்வகை உரிமங்கள் இரு பெரும் குடும்பங்களாக அமைகின்றன. பொது உரிமத்தைப் போல, பெற்ற சுதந்திரத்தை மேலும் தொடர்ந்து வழங்குமாறு கட்டாயப்படுத்துவன ஒரு குடும்பம். எம்.ஐ.டி., பி.எஸ்.டி., அப்பாச்சி உரிமங்களைப் போல, எழுதியவரின் பெயரையும் உரிமக் குறிப்பையும் காப்பாற்றினால் போதும், பின்னர்த் தனியுரிமைப் பொருளிலும் சேர்த்துக்கொள்ளலாம் என்பன மற்றொரு குடும்பம்.

திறந்த மூலமும் மீறப்படுவதுண்டு

இலவசமாகக் கிடைப்பதால் திறந்த மூல மென்பொருளுக்கு உடையவர் இல்லை என்று எண்ணுவது பெரும் பிழை. தனியுரிமை மென்பொருளைக் காக்கும் அதே பதிப்புரிமைச் சட்டமே இதனையும் காக்கிறது. நிபந்தனையை மீறுகிறவர் இங்கும் உரிமமற்றவரே ஆகிறார்.

2003இல் லிங்க்சிஸ் என்னும் பெயரில் விற்கப்பட்ட கம்பியில்லா இணையச் சாதனம் ஒன்றினுள் லினக்ஸ் நிரல்கள் இருப்பது தெரியவந்தது. பொது உரிமம் கேட்கும் மூல நிரலோ வழங்கப்படவில்லை. பலரும் வலியுறுத்தியதன் பேரில் அது வெளியிடப்பட்டது. அம்மூலத்தைத் தொடக்கமாகக் கொண்டே ஓபன்டபிள்யூஆர்டி என்னும் திட்டம் எழுந்து, பல நிறுவனங்களின் சாதனங்களுக்கும் உதவலாயிற்று. 2004 மே மாதத்தில் ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம், பொது உரிமத்தின் நிபந்தனையை மீறிய நிறுவனம் ஒன்றுக்கு எதிராகத் தடையாணையை உறுதிசெய்தது.

2008 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்த ஜேக்கப்சன் வழக்கு இன்னும் தெளிவானது. பொம்மை இரயில்களைக் கணிப்பொறியால் இயக்கும் திறந்த மூல நிரல் ஒன்றிலிருந்து சில கோப்புகளை வணிக நிறுவனம் ஒன்று எடுத்துக்கொண்டது. எழுதியவர்களின் பெயரையும் உரிமக் குறிப்பையும் விட்டுவிட்டது. விலையில்லாமல் வழங்கப்பட்டதாயினும், உரிமத்தின் நிபந்தனைகள் பதிப்புரிமைச் சட்டத்தின் கீழ் நிலைநாட்டத் தக்கவையே என்று நீதிமன்றம் கூறிற்று. பொம்மை இரயிலைப் பற்றிய வழக்காயினும், கோடிக்கணக்கான மதிப்புள்ள மென்பொருள்களுக்கும் அது வழிகாட்டியாக அமைந்தது.

இந்தியாவின் அனுபவம்

கேரள மாநிலம் 2001இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. நாளடைவில் பள்ளிக் கணிப்பொறிக் கல்வி முழுவதும் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றப்பட்டது. உரிமச் செலவு மிச்சமானது ஒரு பயன். ஆசிரியர்களே பயிற்சி பெற்று, பாடத்துக்கு ஏற்றவாறு மென்பொருளைத் தொகுத்து மலையாளத்தில் அமைத்துக்கொண்டது அதனினும் பெரிய பயன். மாணவர் தம் வீட்டுக் கணிப்பொறிக்கும் அதே மென்பொருளைக் குற்றமின்றி எடுத்துச் செல்லலாம்.

சென்னையிலுள்ள சி-டாக் நிலையம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, பல இந்திய மொழிகளில் இயங்கும் ‘பாஸ்’ என்னும் இயக்க அமைப்பை 2007இல் வெளியிட்டது. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம், பொறியியல் கணக்குகளுக்கு விலையுயர்ந்த மென்பொருள்களுக்கு மாற்றாகச் சைலேப் போன்ற திறந்த மூலக் கருவிகளைக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. பாடநூல்களிலுள்ள எடுத்துக்காட்டுக் கணக்குகளை மாணவர்களே நிரலாக எழுதி எல்லோருக்கும் வழங்குவது அதன் சிறந்த பணிகளுள் ஒன்று. உரிமமற்ற பிரதியில் செய்த ஆராய்ச்சியை வெளியிட ஓர் ஆய்வாளர் அஞ்சுவார், திறந்த மூலத்தில் செய்ததை அவர் வெளியிடலாம், மற்றவரும் சரிபார்க்கலாம்.

மத்திய அரசாங்கம் 2015இல் திறந்த மூல மென்பொருள் பற்றிய கொள்கையை வெளியிட்டது. அரசாங்கத்துக்கு மென்பொருள் வழங்க முன்வருவோர் திறந்த மூலத்தையும் பரிசீலிக்க வேண்டும்; அதனை விலக்கினால் காரணம் கூற வேண்டும் என்பது அதன் முக்கிய விதி. 2020 மே மாதத்தில், கோவிட் நோய்த்தொற்றுக் காலத்தில் வெளியான ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு மூல நிரல் பொதுமக்களின் ஆய்வுக்குத் திறந்து விடப்பட்டது. தம் கைப்பேசியில் அரசாங்கத்தின் நிரல் யாது செய்கிறது என்று குடிமக்கள் கேட்ட கேள்விக்கு, மூல நிரலைக் காட்டுவதை விடச் சிறந்த விடை இருக்க முடியாது.

குறைகளும் உண்டு

திறந்த மூலம் எல்லா நோய்க்கும் மருந்தன்று. சில துறைகளில் தனியுரிமை மென்பொருளுக்கு நிகரான மாற்று இன்னும் இல்லை. பழகிய முறையை விட்டு மாறுவதற்குப் பயிற்சிச் செலவும் காலமும் வேண்டும். மேலும், எல்லோரும் படிக்கலாம் என்பதனாலேயே எல்லோரும் படித்துவிடுவதில்லை. 2014இல் ஓபன்எஸ்எஸ்எல் என்னும் மறையாக்க நிரலில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அந்நிரலைப் பேணியவர்கள் மிகச் சிலரே. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் சுருக்க நிரலில் ஒருவர் நம்பிக்கையைப் பெற்று மெல்லப் புகுத்திய கள்ள வாயில் வெளிப்பட்டது. வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கவனித்த ஒரு பொறியாளர் மூல நிரலை ஆராய்ந்ததால் அது பரவுமுன் பிடிபட்டது. திறந்திருந்ததனால் தீங்கு புகுந்தது. திறந்திருந்ததனாலேயே கண்டுபிடிக்கவும் முடிந்தது.

தனியுரிமை முறையின் குறை வேறு வகையானது. விற்றவர் ஆதரவை நிறுத்தினால் வாங்கியவர் செய்வதற்கு ஒன்றும் இராது. 2025 அக்டோபர் 14ஆம் நாள் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிவுற்றது. பொறி நன்கு இயங்கினும், புதிய பதிப்பை ஏற்க இயலாத பழைய கணிப்பொறிகளை உடையவர்கள் மாற்று வழி தேட நேர்ந்தது. மூல நிரல் கையிலிருந்தால், விரும்புவோர் கூடி அதனைத் தாமே தொடர்ந்து பேணலாம்.

செய்யத் தக்கவை

பள்ளியோ, அச்சகமோ, சிறு தொழிற்சாலையோ, எந்த நிறுவனமும் முதலில் செய்ய வேண்டியது தன் கணிப்பொறிகளில் உள்ள மென்பொருள்களுக்கு ஒரு பதிவேடு வைத்தலாகும். பொறியின் இருப்புப் பதிவேட்டைப் போலவே, மென்பொருளின் பெயர், உரிமத்தின் வகை, எத்தனைப் பொறிகளுக்கு அனுமதி, முடிவுறும் நாள் ஆகியவற்றை அதில் குறிக்க வேண்டும். உரிமமற்றவை வெளிப்பட்டால், அவற்றுள் எவற்றுக்கு உண்மையில் விலைமிக்க மென்பொருள் தேவை, எவற்றைத் திறந்த மூலத்தால் நிறைவேற்றலாம் என்று பிரிக்கலாம். கடிதம் எழுதுதல், கணக்கு அட்டவணை, படம் திருத்துதல், பொறியியற் கணக்கு ஆகிய பல வேலைகளுக்கு லிப்ரே ஆபீஸ், கிம்ப், சைலேப் போன்றவை போதும். தேவையானவற்றுக்கு உரிய விலையைக் கொடுத்து வாங்குவதே முறை. திறந்த மூலத்தை மாற்றி அமைத்துப் பிறருக்கு விற்கும் நிறுவனங்கள் அதன் உரிமத்தையும் கவனமாகப் படித்துக் கடைப்பிடிக்க வேண்டும்.

இந்தியா மென்பொருளை உபயோகிக்கும் நாடு மட்டுமன்று. உலகுக்கே எழுதித் தரும் நாடுமாகும். பிறர் எழுதியதை உரிமமின்றி எடுத்துக்கொள்ளும் பழக்கம் நீடித்தால், நம் இளைஞர் எழுதுவதற்கும் மதிப்பு இராது. திருட்டுப் பிரதி மாணவனுக்கு ஒரு கருவியைத் தரும். ஆனால் அக்கருவியின் உட்புறத்தை அது என்றும் காட்டாது. திறந்த மூலமோ கருவியையும் தருகிறது. அது இயங்கும் வகையையும் கற்பிக்கிறது. அதனைத் திருத்தி மேம்படுத்தும் உரிமையையும் அளிக்கிறது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்லாமல், அறிவை நாடியும் இளைஞர்கள் இவ்வழியை மேற்கொள்வாராயின், மென்பொருளைப் பழகும் நிலையிலிருந்து அதனைப் படைக்கும் நிலைக்கு உயர்வது அவர்களுக்கு எளிதாகும்.